படியளவு கணினியின் வேலை, வழு உங்கள் பொறுப்பு: வகையீட்டுச் சமன்பாடுகளைக் கணினியில் தீர்க்கத் தொடங்குபவர்களுக்கு

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறை உபமின் நிலையத்துக்குள் குரங்கொன்று புகுந்து நாடு முழுக்கக் கரண்ட் போனது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். குரங்குப் பகிடிகள் ஓய்ந்த பிறகு பொறியியல் படிக்கிற ஆட்களுக்கு மிஞ்சியது வேறொரு விஷயம். வெயில் எறிக்கும் ஞாயிறு, மின்தேவை குறைவு, சோலர் அதிகம், அதனால் மின்வலையில் சுழன்றுகொண்டிருந்த இயந்திரங்களின் சடத்துவம் குறைவு. அதுவரை 50 ஹேர்ட்ஸை ஒட்டியே ஓடிக்கொண்டிருந்த மீடிறன் கொஞ்ச நேரத்துக்குள் கைமீறிப் போய்விட்டது. இதைக் கணினியில் போட்டுப் பார்க்க நினைத்தால் முதல் கேள்வியே இடிக்கும்: நேரத்தை எவ்வளவு சிறிய துண்டுகளாக வெட்டுவது? அமைதியான மணித்தியாலங்களுக்கும் மில்லிசெக்கன் படி வைத்தால் லப்டொப் சும்மா சூடாகும். விழுந்த அந்தக் கொஞ்ச நேரத்துக்கு ஒரு நிமிடப் படி வைத்தால் விழுந்ததே வரைபில் தெரியாது.

ஆகவே படியளவு ஓடும்போதே தானாக மாற வேண்டும். அதைச் செய்யும் முறைகளைத்தான் அடப்டிவ் முறைகள் என்கிறோம். உயர்தரத்தில் இணைந்த கணிதத்தைத் தமிழில் படித்துவிட்டு, இப்போது மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் கட்டுபெத்தையிலோ வேறெங்கோ எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டிருப்பவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். வகையீடு, தொகையீடு, கொஞ்சம் பைதன் தெரிந்தால் போதும்.

சொல்ல வருவது ஒன்றுதான். இந்த மென்பொருள்கள் ஒவ்வொரு படியிலும் வரும் வழுவை, நீங்கள் கொடுத்த வரம்புக்குள் வைத்திருக்கப் பார்க்கும். அவ்வளவே. கடைசி விடை சரியா என்று அவற்றுக்குத் தெரியாது. வரம்பு, அலகு, திடீர் மாற்றங்கள், இந்த மூன்றும் உங்கள் தலையில்தான்.

முதலில் பேனையும் கல்குலேட்டரும்

மென்பொருளைத் திறக்காதீர்கள். ஒரு தடவை கையால் செய்துவிட்டால் பிறகு எந்த மென்பொருளின் எந்த எச்சரிக்கையும் பயமுறுத்தாது.

வெள்ளவத்தையில் எந்த அடுக்குமாடியின் மேல்தட்டிலும் இருக்கிற தண்ணீர்த் தாங்கியை எடுத்துக்கொள்வோம். தண்ணீர் மட்டம் 1 மீற்றர், அடிப்பரப்பு 1 சதுர மீற்றர், கீழே 25 மில்லிமீற்றர் குழாய் திறந்தபடி. நீர் வெளியேறும் வேகம் மட்டத்தின் வர்க்கமூலத்துக்கு விகிதசமம் என்பது டொரிசெல்லியின் விதி. குழாயின் குறுக்குப்பரப்பு, வெளியேற்றக் குணகம் 0.6 எல்லாவற்றையும் போட்டுச் சுருக்கினால் மட்டம் குறையும் வீதம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 0.08 × √மட்டம் என்று வரும். இந்தச் சமன்பாட்டுக்குச் சரியான தீர்வும் உண்டு: மட்டம் = (1 − 0.04 × நேரம்)². அதாவது 25 நிமிடத்தில் தாங்கி காலி. சரியான விடை தெரிந்த கணக்கில் பழகுவதுதான் புத்திசாலித்தனம்; விடை தெரியாத கணக்கில் பழகினால் பிழைத்தது எது என்றே தெரியாது.

இப்போது படி 10 நிமிடம் என்று துணிந்து வையுங்கள். ஒயிலர் முறை: தொடக்கச் சாய்வு −0.08, ஆகவே 10 நிமிடத்துக்குப் பின் மட்டம் 1 − 0.8 = 0.2. ஹொய்ன் முறை இன்னும் ஒரு தரம் யோசிக்கும்: 0.2 இல் உள்ள சாய்வையும் கணித்து (−0.0358), இரண்டு சாய்வுகளின் சராசரியை எடுக்கும். அது 0.421 என்கிறது. உண்மையான விடை 0.36.

உண்மையான விடை நமக்குத் தெரியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒயிலர் 0.2 என்கிறார், ஹொய்ன் 0.421 என்கிறார். இடைவெளி 0.221 மீற்றர். இரண்டு முறைகளும் இவ்வளவு தூரம் சண்டை பிடித்தால் படி பெரிது என்று அர்த்தம். விஷயமே இவ்வளவுதான்: ஒரே படியை வெவ்வேறு தரமுள்ள இரண்டு முறைகளால் கணித்து, வித்தியாசத்தை வழுவின் மதிப்பீடாக எடுப்பது. ஹொய்னுக்குத் தேவையான முதல் சாய்வு ஒயிலருக்குக் கணித்த அதே சாய்வு என்பதால் கூடுதல் செலவும் பெரிதாக இல்லை.

நமது வரம்பு 1 மில்லிமீற்றர், அதாவது 0.001 என்று வைப்போம். அடுத்த படியளவை எப்படித் தெரிவது? ஒயிலரின் ஒருபடி வழு படியளவின் வர்க்கத்தோடு வளரும், ஆகவே:

புதிய படி = 0.9 × பழைய படி × √(வரம்பு ÷ வழு)

அந்த 0.9 ஒரு பாதுகாப்புக்கு. மதிப்பீடு துல்லியமில்லாதது, விளிம்பில் போய் நின்றால் அடுத்த முயற்சியும் தோற்கும். இதன்படி 10 நிமிடம் 0.6 நிமிடமாக வேண்டும். ஆனால் ஒரேயடியாக அவ்வளவு குறைப்பதை நல்ல மென்பொருள்கள் விடாது. ஐந்தில் ஒன்றுக்குக் கீழே போகாதே என்று கட்டுப்பாடு இருக்கும். ஆகவே 2 நிமிடம். மறுபடி கணித்தால் ஒயிலர் 0.84, ஹொய்ன் 0.8467, வித்தியாசம் 0.0067. இதுவும் வரம்புக்கு மேல், நிராகரிப்பு. சூத்திரம் 0.7 நிமிடம் என்கிறது. 0.7 இல் ஒயிலர் 0.944, ஹொய்ன் 0.944795, வித்தியாசம் 0.0008. வரம்புக்குள் வந்துவிட்டது, ஏற்றுக்கொண்டு நகரலாம்.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். உண்மையான விடை 0.944784. ஹொய்னின் உண்மை வழு 0.00001 மீற்றர், நாம் மதிப்பிட்டதோ 0.0008. மதிப்பீடு எண்பது மடங்கு கூடியிருக்கிறதே என்றால், நாம் மதிப்பிட்டது ஒயிலரின் வழுவை, வைத்துக்கொண்டு நகர்வதோ ஹொய்னின் விடையை. பெரும்பாலான மென்பொருள்கள் இப்படித்தான் செய்கின்றன: மோசமான முறையைக் கொண்டு படியைக் கட்டுப்படுத்தி, நல்ல முறையின் விடையை வைத்துக்கொள்வது. கொஞ்சம் கள்ளத்தனம் மாதிரித் தெரிந்தாலும் நமக்குச் சாதகமான கள்ளத்தனம்.

வர்க்கமூலத்துக்குள் மறை எண் போனால்

இதையே பைதனில் பத்துப் பதினைந்து வரியில் எழுதுங்கள். 23 நிமிடம் வரைக்கும் அழகாக ஓடும். கடைசி ஒன்றரை நிமிடத்துக்குள் போனதும் ஒயிலர் மட்டத்தைப் பூச்சியத்துக்குக் கீழே தள்ளிவிடும், ஏனென்றால் 0.7 நிமிடப் படிக்கு அங்கே மிச்சமிருக்கும் தண்ணீர் போதாது. மறை எண்ணுக்கு வர்க்கமூலம் கேட்டால் பைதனின் எண்கணித நூலகமான நம்பை உங்களுக்கு ‘நேன்’ என்ற பெறுமானத்தைத் தரும், எண்ணே இல்லை என்று அர்த்தம்.

இந்த இடத்தில் உங்கள் நிபந்தனையை எப்படி எழுதினீர்கள் என்பது முக்கியம். ‘வழு வரம்பை விடக் கூடினால் நிராகரி’ என்று எழுதியிருந்தால், நேன் எதையும் விடப் பெரிதும் இல்லை, சிறிதும் இல்லை, எந்த ஒப்பீட்டுக்கும் ‘இல்லை’ என்றுதான் விடை, ஆகவே நிராகரிக்கப்படாமல் அந்தக் குப்பை உள்ளே வந்து மிச்ச வரைபு முழுக்கக் காணாமல் போகும். ‘வழு வரம்புக்குள் இருந்தால் மட்டும் ஏற்றுக்கொள்’ என்று எழுதியிருந்தால் நேன் வந்த படி நிராகரிக்கப்படும், படி சுருங்கும், சுருங்கிச் சுருங்கி ஓரிடத்தில் நின்று பிழைச்செய்தி வரும். பிழைச்செய்தி வருவதே நல்லது. புதிய படியைச் சூத்திரத்தில் போடும்போதும் நேன் உள்ளே நுழையாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அப்படி வந்தால் நேராக ஐந்தில் ஒன்றாக்கிவிடுங்கள்.

சிலர் வர்க்கமூலத்துக்குள் பூச்சியத்தையும் மட்டத்தையும் கொடுத்துப் பெரியதை எடுக்கச் சொல்லித் தப்புவார்கள். வேலை செய்யும், ஆனால் சரியான வைத்தியம் மட்டம் ஒரு மில்லிமீற்றருக்கு வந்ததும் கணக்கை நிறுத்துவது. அதற்குக் கீழே டொரிசெல்லியின் விதியே அவ்வளவு பொருந்தாது.

இனி மென்பொருள்

கையால் செய்தது இரண்டு சாய்வு முறை. மென்பொருளில் இருப்பது இதே யோசனைதான், சாய்வுகள் மட்டும் கூட. ஒயிலர் 1768 இல் தொடங்கியதை ருங்கே 1895 இலும் குட்டா 1901 இலும் வளர்த்தார்கள். அப்புறம் 1969 இல் நாசாவுக்காக பெல்பேர்க் ஒரே சாய்வுகளிலிருந்து 4 ஆம், 5 ஆம் வரிசை விடைகள் (வரிசை கூடினால் துல்லியமும் கூடும்) இரண்டையும் எடுக்கும் சோடியைக் கொடுத்தார். 1980 இல் டோர்மண்டும் பிரின்ஸும் வெளியிட்ட சோடிதான் இன்று மட்லாப் மென்பொருளின் ஓடிஈ 45 க்கும், பைதனின் அறிவியல் நூலகமான சைபையின் ஆர்கே 45 க்கும் உள்ளே இருப்பது. ஒரு முயற்சிக்கு ஆறு தடவை உங்கள் பங்ஷனைக் கூப்பிடும். படியைத் திருத்தும் சூத்திரத்தில் வர்க்கமூலத்துக்குப் பதில் ஐந்தாம் மூலம் வரும், வேறு பெரிய வித்தியாசமில்லை.

சைபையில் சோல்வ் ஐவிபி என்ற பங்ஷனுக்கு மூன்று விஷயம் கொடுப்பீர்கள்: சாய்வைத் திருப்பித் தரும் உங்கள் பங்ஷன், தொடக்க நேரமும் முடிவு நேரமும், தொடக்கப் பெறுமானங்கள். இவ்வளவு கொடுத்தாலே வரைபு வந்துவிடும். ஆட்கள் இங்கேதான் எழும்பித் தேத்தண்ணீர் குடிக்கப் போய்விடுகிறார்கள்.

போகாதீர்கள். இரண்டு சாமான்கள் நீங்கள் சொல்லாமலே தீர்மானிக்கப்பட்டிருக்கின்றன. ஆர்டோல், சார்பு வழுவின் வரம்பு, 10⁻³. ஏடோல், தனி வழுவின் வரம்பு, 10⁻⁶. மட்லாப்பிலும் இவையே. ஒரு படியில் அனுமதிக்கப்படும் வழு = ஏடோல் + ஆர்டோல் × பெறுமானம். பெறுமானம் பெரிதாக இருக்கும்போது ஆர்டோல் ஆளும், பூச்சியத்தை நெருங்கும்போது ஏடோல் ஆளும்.

தாங்கிக்கு மட்டம் மீற்றரில் இருந்தால் ஏடோல் ஒரு மைக்ரோமீற்றர், தேவைக்கு மேலேயே கவனம். ஆனால் ஒரு உணரியின் சுற்றில் ஓடும் சில நனோ அம்பியர் மின்னோட்டத்தை அம்பியரிலேயே எழுதினால்? 5 நனோ அம்பியர் என்பது 0.000000005. அனுமதித்த வழு அதைவிட இருநூறு மடங்கு பெரிது. உங்கள் மின்னோட்டம் எங்கே போனாலும் மென்பொருள் கண்டுகொள்ளாது, எல்லாப் படியையும் ஏற்றுக்கொண்டு, வேகமாக முடித்து, வெற்றி என்று சொல்லும். அலகை நனோ அம்பியராக மாற்றுங்கள், அல்லது ஏடோலை ஒவ்வொரு மாறிக்கும் தனித்தனியாகக் கொடுங்கள். வரிசையாகக் கொடுக்க முடியும் என்பது பலருக்குத் தெரியாது. நான் பழகிய வழி இது: ஒவ்வொரு மாறிக்கும் ‘இதற்குக் கீழே என்ன நடந்தாலும் எனக்குக் கவலையில்லை’ என்று ஒரு அளவு இருக்குமல்லவா, அதில் நூறில் ஒன்றை ஏடோலாகப் போடுவது.

இன்னொன்று. சமன்பாடுகள் பல இருந்தால் சைபை எல்லா மாறிகளின் வழுவையும் வர்க்கித்து, சராசரி எடுத்து, அதன் வர்க்கமூலமாக ஒன்றாக்கிவிடும். நூறு மாறியில் ஒன்று மட்டும் கெட்டுப்போனால் அந்த ஒன்றின் வழு பத்தால் வகுபட்டுத் தெரியும். வெப்பப் பரவலுக்கு நூறு புள்ளி வைத்து, ஒரு மூலையில் மட்டும் சூடேற்றுகிறவர்கள் இதைக் கவனியுங்கள்.

வரைபில் புள்ளிகளைக் கூட்டினால் துல்லியம் கூடும் என்ற நம்பிக்கையையும் விட்டுவிடுங்கள். எந்தெந்த நேரங்களில் விடை வேண்டும் என்று சொல்லும் டி ஈவால் என்பதில் ஆயிரம் நேரங்களைக் கொடுத்தாலும் படியளவு ஒரு துளியும் மாறாது. எடுத்த படிகளுக்கு நடுவே ஒரு பல்லுறுப்பியைப் பொருத்தி வாசித்துத் தரும், அவ்வளவே. வரைபு வழவழப்பாக வரும், வழு அப்படியே இருக்கும்.

மோட்டரும் மழையும்

கொழும்பில் தாங்கி சும்மா காலியாகாது, மிதவை சுவிட்ச் இருக்கும். மட்டம் 0.3 மீற்றருக்கு வந்தால் மோட்டர் ஓடும், 0.95 க்கு வந்தால் நிற்கும். புதிதாக எழுதுகிறவர் உடனே என்ன செய்வார்? வெளியே ‘மோட்டர் ஓடுகிறதா’ என்று ஒரு மாறி வைத்து, சாய்வுப் பங்ஷனுக்குள்ளே மட்டத்தைப் பார்த்து அதை மாற்றுவார். வாசிக்க நியாயமாகத்தான் இருக்கும்.

ஆனால் மென்பொருள் உங்கள் பங்ஷனை நேர ஒழுங்கில் கூப்பிடுவதில்லை. ஒரு படிக்குள் முன்னே எட்டிப் பார்க்கும், மட்டம் 0.28 என்று ஒரு ஊகம் கிடைக்கும், உங்கள் மாறி ‘ஓடுகிறது’ என்று மாறும். பிறகு வழு கூடிவிட்டது என்று அந்தப் படியை நிராகரித்துப் பின்னால் வரும். மட்டம் பழையபடி 0.34 ஆகும். மோட்டர் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும், ஏனென்றால் உங்கள் மாறியைப் பழைய நிலைக்குத் திருப்ப யாருமில்லை. சாய்வுப் பங்ஷனுக்குள் ஞாபகம் எதுவும் இருக்கக் கூடாது: அதே நேரம், அதே பெறுமானம் கொடுத்தால் எப்போதும் அதே விடை வர வேண்டும். இதே காரணத்தால் உள்ளே எழுமாற்று எண்ணும் கூடாது. இரண்டு முறைகளின் வித்தியாசம் முழுக்க அந்த இரைச்சலாகவே தெரியும், படி சுருங்கிக்கொண்டே போகும்.

சரியான வழி இவென்ட்ஸ். ‘மட்டம் − 0.3’ என்ற ஒரு பங்ஷனைக் கொடுத்து, அது நேரிலிருந்து மறைக்குப் போகும்போது நிறுத்து என்று சொல்லுங்கள். மென்பொருள் அந்தக் கணத்தைத் தேடிப் பிடித்து நிற்கும். மோட்டர் ஓடும் சமன்பாட்டோடு அந்த இடத்திலிருந்து புதிதாகத் தொடங்குங்கள், இப்போது பார்க்க வேண்டியது 0.95 ஐ மட்டும். இப்படி மாறி மாறி ஒரு சுழற்சியில் போடுங்கள். ஒவ்வொரு துண்டுக்குள்ளும் சமன்பாடு ஒழுங்கானது என்பதால் படிகளும் நிம்மதியாக நீளும்.

திடீர் மாற்றத்தில் மோதி நிற்பது ஒரு வகைத் தொல்லை, தெரியாமலே தாண்டிப் போவது இன்னொரு வகை, பின்னதுதான் ஆபத்து. இடைமழைக் காலப் பின்னேரம் ஒன்றை எடுங்கள். பகல் முழுக்க வெயில், 4 மணிக்குக் கொட்டத் தொடங்கி 4.20 க்கு விட்டுவிடுகிறது. நகரத்துக் குளம் ஒன்றின் நீர்மட்டத்தை நள்ளிரவிலிருந்து நள்ளிரவு வரை, 1440 நிமிடம், ஓட்டுகிறீர்கள். மழையில்லாத நேரத்தில் மாற்றவீதம் பூச்சியம் என்று வைத்தால் வழுவும் பூச்சியம். வழு பூச்சியமானால் சைபை அடுத்த படியைப் பத்து மடங்காக்கும். முதற்படி 1 நிமிடம் என்று கொடுத்திருந்தால், அப்புறம் 10, 100, 1000. அதாவது 111 ஆவது நிமிடத்திலிருந்து 1111 ஆவது நிமிடத்துக்கு ஒரே தாவல். நடுவில் எட்டிப் பார்க்காதா என்றால், பார்க்கும்: டோர்மண்ட்–பிரின்ஸ் சோடி படியின் 1/5, 3/10, 4/5, 8/9 பங்குகளிலும் முடிவிலும் பார்க்கும். அவை 311, 411, 911, 1000, 1111 ஆவது நிமிடங்கள். மழை பெய்தது 960 இலிருந்து 980 வரை. எங்கேயும் ஒரு துளி படவில்லை. வழு பூச்சியம், படி ஏற்கப்பட்டது, குளத்தில் மழையே பெய்யவில்லை.

பிழைச்செய்தி இல்லை, எச்சரிக்கை இல்லை. வரைபில் ஒரு நேர்கோடு.

இதற்கு மருந்து இரண்டு. மழை தொடங்கும், விடும் நேரங்கள் தெரியுமென்றால் கணக்கை அந்த இடங்களில் வெட்டுங்கள்: 0–960, 960–980, 980–1440. இதுவே சுத்தமான வழி. நேரம் தெரியாது, அல்லது மழைமானித் தரவு நாள் முழுக்கக் கிடக்கிறது என்றால் மாக்ஸ் ஸ்டெப் என்பதை, அதாவது படியளவின் உச்ச வரம்பை, கொடுங்கள். மிகக் குறுகிய மழையின் நீளத்தை விடச் சிறிதாக, 5 நிமிடம் போல. டிஃபோல்ட்டாக அது முடிவிலி, எவ்வளவு பெரிய படிக்கும் தடையில்லை. இவென்ட்ஸுக்கும் இதே நோய் உண்டு: படியின் இரு முனைகளிலும் குறி மாறியதா என்றுதான் பார்க்கும், ஒரே படிக்குள் கீழே போய் மேலே வந்துவிட்டால் தெரியாது.

மழைமானித் தரவைப் பற்றிப் பேசும்போதே இன்னொன்று: 1970 இலிருந்து எண்ணும் செக்கன்களை நேரமாக அப்படியே போடாதீர்கள். அது இப்போது 170 கோடியைத் தாண்டிவிட்டது. அந்த அளவில் கணினியின் அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கு இடையிலேயே 0.00000024 செக்கன் இடைவெளி, அதற்குக் கீழே படி போகவே முடியாது. தொடக்க நேரத்தைக் கழித்துப் பூச்சியத்திலிருந்து ஓட்டுங்கள்.

வரைபு வழவழப்பு, கணினி மட்டும் திணறுகிறது

மின்சார ஓட்டோ ஒன்றின் பற்றரியை மாதிரியாக்குகிறீர்கள். பற்றரியின் வெப்பநிலை மணித்தியாலக் கணக்கில் மாறும். பற்றரியோடு இணைந்த சுற்றில் உள்ள கொள்ளளவி ஒரு மில்லிசெக்கனில் அடங்கிவிடும். அடங்கிய பிறகு அங்கே பார்க்க ஒன்றுமில்லை, ஆனால் ஆர்கே 45 போன்ற முறைகளுக்கு அதை மறக்க முடியாது: படி ஏறத்தாழ 3 மில்லிசெக்கனைத் தாண்டினால் விடை அதிர்ந்து வெடிக்கத் தொடங்கும், வழு கூடும், படி மறுபடி வெட்டப்படும். ஒரு நாள் என்பது 86,400 செக்கன். 3 மில்லிசெக்கனால் வகுத்தால் 2 கோடி 88 இலட்சம் படிகள், வழவழப்பான ஒரு வெப்பநிலைக் கோட்டுக்காக.

இப்படிப்பட்டவற்றை ஸ்டிஃப் சமன்பாடுகள் என்பார்கள். 1952 இல் கேர்ட்டிஸும் ஹிர்ஷ்பெல்டரும் இரசாயனத் தாக்கங்களைக் கணிக்கும்போது எழுதிவைத்த பிரச்சினை. கண்டுபிடிக்க ஒரு சுலபமான சோதனை இருக்கிறது. ஆர்டோலையும் ஏடோலையும் நூறு மடங்கு தளர்த்தி மறுபடி ஓட்டுங்கள். சாதாரணச் சமன்பாடென்றால் படிகளின் எண்ணிக்கை நன்றாகக் குறையும். ஸ்டிஃப் என்றால் அசையாது, ஏனென்றால் அங்கே படியைப் பிடித்து வைத்திருப்பது துல்லியம் இல்லை, வெடித்துவிடுமோ என்ற கட்டாயம்.

அப்படி வந்தால் முறையை மாற்றுங்கள். சைபையில் ராடோ அல்லது பிடிஎஃப், மட்லாப்பில் ஓடிஈ 15 எஸ். இவை ஒவ்வொரு படியிலும் ஒரு சமன்பாட்டுத் தொகுதியையே தீர்க்கும், ஒரு படிக்குச் செலவு கூட, ஆனால் படிகள் ஆயிரக்கணக்கில் மிச்சம். தீர்மானிக்க முடியாவிட்டால் எல்சோடா, அது ஸ்டிஃப்பா இல்லையா என்று தானே பார்த்து மாறிக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் எடுத்த எடுப்பிலேயே ராடோவைப் போடுகிற ஆட்களும் இருக்கிறார்கள். சின்னக் கணக்குகளுக்குப் பரவாயில்லை, மாறிகள் ஆயிரக்கணக்கில் போனால் பகுதிப் பெறுதிகளின் அணியை நீங்களே எழுதிக் கொடுக்காமல் நகராது.

விடையை நம்புவதற்கு முன்

தாங்கிக் கணக்குக்கு மறுபடி வந்தால், 25 நிமிடத்துக்கு 0.7 நிமிடப் படியில் ஏறத்தாழ 35 படிகள். படிக்கு 1 மில்லிமீற்றர் வழு அனுமதித்து, எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தால் கடைசியில் 35 மில்லிமீற்றர். சிறு வித்தியாசத்தைப் பெருக்கிக்கொண்டே போகும் சமன்பாடுகளில் அதைவிடவும் கூட வரலாம். ஆகவே ஆர்டோல் 10⁻³ என்றால் விடையில் மூன்று இலக்கம் சரி என்று எடுத்துக்கொள்ள முடியாது.

ஆர்டோல், ஏடோல் இரண்டையும் நூறு மடங்கு இறுக்கி இன்னொரு தடவை ஓட்டி, இரண்டு விடைகளிலும் மாறாமல் இருக்கும் இலக்கங்களை மட்டும் நம்புங்கள். செலவைப் பற்றிப் பயப்பட வேண்டாம்: ஐந்தாம் மூலம் என்பதால், ஒரு இலட்சம் மடங்கு இறுக்கினாலும் படிகள் பத்து மடங்குதான் கூடும். அதற்குப் பிறகு வேறொரு முறையால் ஒரு தடவை. கடைசியாகப் பௌதிகம்: உள்ளே வந்த தண்ணீர் − வெளியே போன தண்ணீர் = தாங்கியில் கூடிய தண்ணீர், இது பொருந்துகிறதா? உராய்வில்லாத ஊசலென்றால் சக்தி மாறாமல் இருக்கிறதா? ஊசலை நீண்ட நேரம் ஓட்டினால் சக்தி மெல்ல மெல்ல நகர்வதைப் பார்ப்பீர்கள், ருங்கே–குட்டா முறைகள் சக்தியைக் காப்பதற்காகச் செய்யப்பட்டவை அல்ல.

நிராகரித்த படிகளின் எண்ணிக்கையை சைபை நேரே சொல்லாது, ஆனால் கணக்கிடலாம். விடையோடு வரும் என்எஃப்ஈவி என்பது உங்கள் பங்ஷன் கூப்பிடப்பட்ட தடவைகள். ஆர்கே 45 இல் அதிலிருந்து 2 ஐக் கழித்து (முதற்படியை நீங்களே கொடுத்திருந்தால் 1 ஐ) 6 ஆல் வகுத்தால் மொத்த முயற்சிகள். டி ஈவால் கொடுக்காமல் ஓட்டியிருந்தால், வந்த நேரப் புள்ளிகளின் எண்ணிக்கையில் ஒன்று குறைவு ஏற்ற படிகள். வித்தியாசம் நிராகரிப்பு. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிராகரிப்பென்றால் நான் முதலில் தேடுவது எங்கோ ஒளிந்திருக்கும் ஒரு சுவிட்சை, அல்லது நேர்கோடுகளால் இணைத்த தரவு அட்டவணையை.

புரொஜெக்ட் அறிக்கையில் ‘பைதனில் தீர்த்தோம்’ என்று மட்டும் எழுதாதீர்கள். முறையின் பெயர், ஆர்டோல், ஏடோல், மாக்ஸ் ஸ்டெப், கணக்கை வெட்டிய நேரங்கள், சைபையின் பதிப்பு எண், இறுக்கி ஓட்டியபோது விடை எவ்வளவு மாறியது, இவ்வளவும் ஒரு சிறு அட்டவணைக்குள் அடங்கும். வைவாவில் முதல் கேள்வி பெரும்பாலும் அந்த அட்டவணையிலிருந்துதான் வரும்.